உயிர் காக்கும் பைக்கும் அயல்மொழிப் பூட்டா?

மகிழுந்துகள் பலவற்றின் சுக்கான் வளையத்து நடுவே மூன்று உரோம எழுத்துகள் பொறிக்கப் பெற்றுள்ளன. எசு, ஆர், எசு என்பன அவை. அவ்வளையத்தை நாள்தோறும் பற்றித் திருப்புகின்ற கொங்குநாட்டுத் தமிழருள் எத்துணைப் பேர்க்கு அவற்றின் பொருள் தெரியும்? கோவையிலோ திருப்பூரிலோ ஈரோட்டிலோ மகிழுந்து வைத்திருப்பார் ஒருவரை வினவிப் பாருங்கள். "உள்ளே ஏர்பேக் இருக்கிறது என்று பொருள்" என்பார். அதுவன்று பொருள். "துணைக் காப்பு அமைப்பு" என்பதே அம்மூன்று எழுத்துகளின் விரிவு.

துணை! அந்த ஒரு சொல்லில்தான் உயிர் இருக்கின்றது. மோதலின்போது உடலைத் தாங்கும் முதற்காப்பு இருக்கைவாரே. காற்றுப்பை அதற்குத் துணையேயன்றித் தனிக்காப்பு அன்று. பை மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட விரைவில் வெடித்து விரிகின்றது. வாரணிந்தவன் தலை, விரிந்து நிற்கும் பையின்மேல் சாய்கின்றது. வாரணியாதவனோ, அது விரிந்துகொண்டிருக்கும்போதே அதன்மேல் எறியப்படுகின்றான். காக்க வந்த பையே கழுத்தை முறிக்கவும் கூடும். இவ்வுண்மையை அம்மூன்று எழுத்துகளும் நம் இரு கைகளுக்கிடையே நின்று நாள்தோறும் சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் நமக்கு விளங்காத மொழியில் சொல்கின்றன! "பைதான் இருக்கிறதே, வார் எதற்கு?" என்று, வாரின் நாவை மட்டும் கொளுவியிற் செருகி எச்சரிக்கை ஒலியை அடக்கிவிட்டு, வாரணியாமல் ஓட்டுவார் நம்மிடையே உளர். அவரை அறிவிலிகள் என்று பழிப்பது எளிது. அறிவை அவர் மொழியில் வையாதவரைப் பழிப்பதன்றோ முறை?

மொழிச் சிக்கலை வெறும் பெயர்ப்பலகைச் சிக்கலென்று எள்ளுவார் இங்குண்டு. "காற்றுப்பை என்றால் என்ன, ஏர்பேக் என்றால் என்ன, வேலை நடந்தால் சரி" என்பது அவர்தம் பல்லவி. வேலை நடக்கவில்லை என்பதே நாம் சொல்வது. மொழித்தடையால் பழுது பார்க்கப்படாமலும், தவறாகப் பார்க்கப்பட்டும், பாராமலே பார்த்ததாகக் காட்டப்பட்டும் கிடக்கின்ற உயிர்க்காப்புக் கருவி ஒன்றை எடுத்துக்கொண்டு அதனை இங்கு மெய்ப்பிக்கின்றோம்.

பைக்குள் இருப்பது காற்றன்று

பெயர்தான் காற்றுப்பை. அதனுள் அடைத்து வைத்த காற்று ஏதும் இல்லை. முன்னிருக்கைப் பைகளில், மடித்த துணிக்குப் பின்னே, எரிந்து வளியாகும் திண்பொருள் பொதியப் பெற்றிருக்கின்றது. முன்னாளில் அது சோடியம் அசைடு. அண்மைக் காலத்தில் குவானிடின் நைத்திரேட்டு முதலியன. அப்பொருளைக் கொளுத்த மின் தீமூட்டி ஒன்று உண்டு. வண்டியின் முகப்பிலும் நடுவிலும் உள்ள உணரிகள் மோதலை உணர்ந்து கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்கின்றன. பெட்டி தீமூட்டிக்கு மின்னோட்டம் விடுகின்றது. 1.2 ஆம்பியர் அளவு மின்னோட்டம், ஒரு நொடியில் ஆயிரத்தில் இரு பங்கு நேரம் பாய்ந்தாற் போதும், தீ மூளும். அடுத்து ஆயிரத்தில் 30 முதல் 50 பங்கு நொடிக்குள் பை விரிந்துவிடும். கண்ணிமைக்கும் நேரம்கூட இதனினும் நெடிது.

ஆகவே, காற்றுப்பையைப் பழுது பார்ப்பது முகப்பு விளக்கு மாற்றுவது போன்றதன்று. வெடிபொருளின் முன் அமர்ந்து மின்கம்பியைத் தொடும் பணி. இதில் ஒரு சொல் விளங்காமற் போனாலும் இரு வகை இறப்பு உண்டு. ஒன்று, பழுது பார்ப்பவன் முகத்தில் பை வெடிப்பது. மற்றொன்று, மோதும் நாளில் வண்டியோட்டிக்கு அது வெடியாமற் போவது.

இவை வெறும் அச்சுறுத்தல்கள் அல்ல. சப்பானின் தகாட்டா நிறுவனம், ஈரத்தை உறிஞ்சும் அம்மோனியம் நைத்திரேட்டைத் தன் பைகளுக்குத் தீப்பொருளாக்கியது. வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் ஆண்டுக்கணக்கிற் கிடந்த அப்பொருள் கெட்டு, மோதலின்போது அளவுமீறி வெடித்து, உலோகக் கூட்டைச் சிதறடித்து, அமர்ந்திருந்தோரைக் கொன்றது. அமெரிக்காவில் மட்டும் 6.7 கோடி வெடிகூடுகள் திரும்ப அழைக்கப் பெற்றன. 2017 சூனில் அந்நிறுவனமே நொடித்து விழுந்தது. நம் நாட்டிலும், 2023 சனவரியில் மாருதி சுசூகி நிறுவனம், கட்டுப்பாட்டுப் பெட்டியில் குறை இருக்கக்கூடும் என்று 17,362 மகிழுந்துகளைத் திரும்ப அழைத்தது. அப்பெட்டியை மாற்றும்வரை வண்டியை ஓட்டவேண்டா என்றும் உரிமையாளர்க்கு அறிவித்தது. ஒரு சிறு பெட்டியின் குறைக்காக வண்டியையே நிறுத்தச் சொல்லுமளவு இன்றியமையாத உறுப்பு இது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

2019 சூலை முதல் நாளிலிருந்து இந்தியாவில் ஓட்டுநர்க்குரிய காற்றுப்பை கட்டாயமாயிற்று. அருகமர்வார்க்குரிய பையும், புதிய வகை மகிழுந்துகளுக்கு 2021 ஏப்பிரலிலும், முன்பே விற்பனையில் இருந்த வகைகளுக்கு அவ்வாண்டின் இறுதியிலும் கட்டாயமாயிற்று. நன்று, வரவேற்கின்றோம். ஆனால் பையைக் கட்டாயமாக்கிய அரசு, பையைப் பற்றிய அறிவை அவ்வந்நாட்டு மக்கள் மொழியில் தருவதைக் கட்டாயமாக்கியதா? இல்லை. வெடியை வீட்டுக்கு வீடு கொடுத்தாயிற்று. வெடியைக் கையாளும் முறையை மட்டும் ஆங்கிலத்திற் பூட்டி வைத்தாயிற்று.

கொங்குநாட்டுக் கையும் கொங்குநாட்டுச் சொல்லும்

இப்பூட்டு யாருக்குப் பூட்டப்பட்டுள்ளது என்பதை எண்ணிப் பாருங்கள். கருவியறியா மக்களுக்கா? பேருந்துக்கு உடற்கூடு கட்டும் கரூரும், சரக்குந்துக்கு உடற்கூடு கட்டும் நாமக்கல்லும், ஆழ்துளைப் பொறிகளை நாடெங்கும் ஓட்டும் திருச்செங்கோடும், சரக்குந்துகளால் பெயர்பெற்ற சங்ககிரியும் கொங்குநாட்டு ஊர்களே. 1932இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் ஆலைகள் நிறைந்து செழித்த ஊர் கோவை. பள்ளிப் படிப்பையே முடிக்காத ஜி. டி. நாயுடு, பாலசுந்தர நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவின் முதல் மின்னோடியை 1937இல் உருவாக்கிய ஊர் கோவை. அவர் கல்லூரிப் பட்டத்தால் கற்றவர் அல்லர். பொறியைப் பிரித்துப் பூட்டிக் கற்றவர். அவ்வழியிலேதான் இன்றும் கணபதியிலும் சுந்தராபுரத்திலும் உக்கடத்திலும் மேட்டுப்பாளையம் சாலையிலும் ஆயிரக்கணக்கான இளைஞர், மூத்தாரைக் கண்டு கண்டு தொழில் கற்கின்றனர்.

கையறிவுக்குக் குறைவில்லை, சொல்லறிவுக்கும் என்றும் குறைவிருந்ததில்லை. கொங்குநாட்டுக் கிணற்றில் கவலை இறைத்த உழவனுக்கு, சால், தோல்வால், வடக்கயிறு, உருளை என்று ஒவ்வோர் உறுப்புக்கும் சொல் இருந்தது. தறியில் அமர்ந்த நெசவாளிக்குப் பாவு, ஊடை, நாடா, விழுது, அச்சு என்று ஒவ்வோர் அசைவுக்கும் சொல் இருந்தது. எந்தச் சொல்லையும் அவன் அகரமுதலியிலே தேடவில்லை. கருவி அவன் கையிலிருந்தது. ஆகவே சொல்லும் அவன் வாயிலிருந்தது. உறுப்பின் பெயரே அதன் தொழிலைச் சொல்லியது. பெயர் தெரிந்தவன் பழுதும் தெரிந்தான்.

இன்றோ, சுக்கான் வளையத்தின் கீழே சுருண்டு கிடக்கும் நாடாவடத்தைக் 'கிளாக் சுப்பிரிங்' என்று பயிலுநனுக்குச் சொல்லித் தருகின்றனர். கடிகாரத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று அவன் மருள்கின்றான். "சுருள்வடம்" என்று சொல்லிப் பாருங்கள். சுருண்டிருக்கும் வடம், வளையம் திரும்பும்போது விரிந்து சுருங்கும் வடம், மிகுதியாகத் திருகினால் அறுந்துபோகும் வடம் என்று அச்சொல்லே பாதிப் பாடத்தை நடத்திவிடும்.

அறிவியலுக்குத் தமிழ்ச்சொல் ஆக்கும் முயற்சியும் நம் மண்ணுக்குப் புதியதன்று. தனித்தமிழ் இயக்கம் தோன்றிய அதே 1916ஆம் ஆண்டில், சேலத்தில் இராசாசியும் வெங்கடசுப்பையரும் கலைச்சொல் ஆக்கத்துக்கென்றே ஒரு கழகம் கண்டனர். அவர்தம் சொற்கள் வடமொழிச் சார்பின என்பதில் நமக்கு உடன்பாடின்மை உண்டு. ஆனால் அறிவியல் ஆங்கிலத்திலேதான் இருக்கவேண்டும் என்று அவர்கூட எண்ணவில்லை! பூ. சா. கோ. தொழில்நுட்பக் கல்லூரியின் முதல்வராயிருந்த ஜி. ஆர். தாமோதரன் கோவையிலிருந்தே 'கலைக்கதிர்' என்னும் அறிவியல் திங்களிதழைத் தமிழில் நடத்திக் காட்டினார். ஆகவே, "தமிழில் முடியுமா?" என்று கோவையில் நின்று கேட்பவன் கோவையின் வரலாறு அறியாதவன்.

பூட்டைத் திறந்து காட்டுகின்றோம்

முடியும் என்று முழங்குவதோடு நிற்கவில்லை, செய்தே காட்டுகின்றோம். காற்றுப்பையின் மின்பழுதைக் கண்டறியும் முறை வருமாறு:

முதலில் விளக்கைப் படிக்க வேண்டும். திறவுகோலைத் திருப்பியவுடன் முகப்புப் பலகையில் காற்றுப்பை விளக்கு ஒளிர்ந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாது நின்றால் பழுது பதிவாகியுள்ளது. பை விரியாமற் போகலாம். ஒளிராமலே இருந்தால் அதுவும் பழுதே. விளக்கு எரிந்துபோயிருக்கலாம், அன்றி எவனோ அதனைப் பிடுங்கியிருக்கலாம். ஒளிராத விளக்கைக் கண்டு மகிழ்பவன், நாடி நின்றவனைக் கண்டு காய்ச்சல் தணிந்தது என்பவன்.

அடுத்து, பழுதறி கருவியைப் பொருத்திப் பழுதுக்குறியைப் படிக்க வேண்டும். பட்டறையில் இதனை 'இசுகேனர்' என்பர். மலிவான கருவிகள் பல, உந்துபொறியின் குறிகளை மட்டுமே படிக்கும். "குறி இல்லை" என்று அவை காட்டுவதை நம்பிப் பை நன்றாக இருக்கின்றது என்று சொல்லிவிடக் கூடாது. காற்றுப்பையின் குறிகள் 'பி' என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்குவன. அவற்றைப் படிக்கும் கருவியே வேண்டும். அக்குறிகள் சொல்லும் பழுதுகள் பெரும்பாலும் ஐந்து வகைக்குள் அடங்கும். சுற்று அறுபடல், தடை மிகுதல், இரு கம்பிகளும் தம்முள் குறுக்கே இணைதல், கம்பி வண்டியின் உடற்கூட்டோடு இணைதல், கம்பி மின்கல நேர்முனையோடு இணைதல் என்பன அவை. இவ்வைந்தும் விளங்க எந்த ஆங்கிலமும் வேண்டியதில்லை.

தொடுமுன் செய்யவேண்டுவது ஒன்றுண்டு. திறவுகோலை அணைத்து, மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றி, காத்திருக்க வேண்டும். ஏன் காத்தல்? மோதலில் மின்கலம் அறுந்தாலும் பை விரிய வேண்டுமென்று கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் மின்தேக்கி ஒன்றில் மின்னாற்றல் சேமிக்கப் பெற்றுள்ளது. அது வடிய நேரம் வேண்டும். சில வண்டிகளுக்கு ஒரு மணித்துளி, சிலவற்றுக்கு மூன்று, சிலவற்றுக்கு அதனினும் மிகுதி. அவ்வண்டிக்குரிய நூல் சொல்லும் அளவே அளவு. அவ்வளவைப் படிக்க மாட்டாதவன் தன் உயிரை ஊகத்தின்மேல் வைக்கின்றான்.

பிறகு, கண்ணால் ஆராய்தல். காற்றுப்பைக்குரிய இணைப்பிகள் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தன. முன்னிருக்கைகளின் கீழுள்ள மஞ்சள் இணைப்பிகளே முதலில் நோக்கத்தக்கன. இருக்கையை முன்னும் பின்னும் தள்ளுவதாலும், அதன்கீழ்ப் பொருள்களைத் திணிப்பதாலும், நீரூற்றிக் கழுவுவதாலும் அவை நெகிழ்கின்றன, துருவேறுகின்றன. வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டியானால் தரைவிரிப்பின் கீழ் ஓடும் கம்பிகளையும், இருக்கைகளுக்கு நடுவே தாழ அமைந்த கட்டுப்பாட்டுப் பெட்டியையும் ஐயுறுதல் வேண்டும். எலி கடித்த கம்பியும் நம் நாட்டில் அரிதன்று. விளக்கு அணையாததோடு ஒலிப்பானும் ஊமையாகி, சுக்கான் வளையத்துப் பொத்தான்களும் செயலிழந்திருந்தால், ஐயத்துக்குரியது சுருள்வடம். அதனை மாற்றும்போது முன்னுருளிகள் நேராக நிற்க, வடத்தைச் சரிநடுவில் நிறுத்திப் பூட்ட வேண்டும். இல்லையேல் முதல் வளைவிலேயே அறும்.

இனி, உயிர்நிலையான இரு செய்திகள். தீமூட்டியின் தடை ஏறத்தாழ 2 ஓம். அதனைப் பன்மானி கொண்டு நேரே அளக்கக் கூடாது. பட்டறையில் 'மல்ட்டிமீட்டர்' என்று வழங்கும் அக்கருவி தடையை அளப்பதற்குத் தானே சிறு மின்னோட்டம் விடுகின்றது என்பதை மறத்தலாகாது. அதற்கு மாறாக, பையைக் கழற்றிவிட்டு, உருவாக்கிய நிறுவனம் குறித்த அளவுள்ள மாற்றுத்தடை ஒன்றை அவ்விடத்தில் பொருத்தி, மின்கலத்தை இணைத்து, எவரும் உள்ளே அமர்ந்திராமல் குறியை மீண்டும் படிக்க வேண்டும். குறி நீங்கினால் பழுது பையில். நீங்காவிட்டால் பழுது அதற்கு முன்னே. ஒவ்வொரு முறையும் மின்கலத்தைக் கழற்றிக் காத்திருந்து, அடுத்த இணைப்பிக்கு மாற்றுத்தடையை நகர்த்திச் சென்றால், சுருள்வடமோ கம்பியோ பெட்டியோ என்பது தானே வெளிப்படும்.

இரண்டாவது: மஞ்சள் இணைப்பியைக் கழற்றியவுடன், உள்ளிருக்கும் சிறு உலோகத்தகடு ஒன்று தீமூட்டிப் பக்கத்து இரு முனைகளையும் தானே சேர்த்துவிடும். நிலைமின் பொறியால் பை வெடித்துவிடக் கூடாதென்று வைத்த காப்பு அது. இதனை அறியாதவன் அங்கே பன்மானியை வைத்தால் "கம்பிகள் குறுக்கே இணைந்துள்ளன" என்று தவறாக எண்ணி, நல்ல வடத்தை வெட்டியெறிவான். இந்த ஒரு வரி தமிழில் இல்லாமையால் எத்துணை நல்ல வடங்கள் குப்பைக்குப் போயினவோ! எத்துணை வண்டிக்காரர் வெறுமனே பணம் இழந்தனரோ!

கழற்றிய பையை எடுத்துச் செல்லும்போது அதன் மூடி உடலுக்கு எதிர்ப்புறம் நோக்க வேண்டும். மேசைமேல் வைக்கும்போது மூடி மேல்நோக்க வேண்டும். கவிழ்த்து வைத்தால் வெடிக்கும்போது முழுப் பொதியும் அம்பெனப் பாயும். அறுந்த கம்பியை முறுக்கி ஒட்டுநாடா சுற்றுதல் இங்கு ஆகாது. சிறு தடை கூடினாலும் சுற்று கெடும். மோதலில் வெடித்த வண்டிக்குப் பை மட்டும் மாற்றினாற் போதாது. வார் முன்னிறுக்கியும், மோதலைப் பதிந்து பூட்டிக்கொண்ட கட்டுப்பாட்டுப் பெட்டியும், நிறுவனம் சுட்டும் உணரிகளும் உடன் மாற்றத்தக்கன.

இவ்வளவுதான். இதில் எந்த வரி தமிழுக்கு அடங்கவில்லை? எந்தக் கருத்தைத் தமிழ் தாங்கவில்லை?

விளக்கை ஏமாற்றலாம், மோதலை ஏமாற்ற முடியாது

மொழித்தடை ஒருபுறம் இருக்க, அதன் நிழலில் தழைக்கும் ஏய்ப்பையும் சொல்லியாக வேண்டும். மேலே சொன்ன மாற்றுத்தடை, ஆய்வான் கையிற் கருவி. அதே தடையைப் பையிருந்த இடத்திலேயே நிலையாகப் பொருத்தி, விளக்கை அணைத்து, வெற்றுமூடியைப் போட்டு மூடி, "எல்லாம் சரி" என்று வண்டியை விற்பவன் கையில் அதுவே நஞ்சு. கட்டுப்பாட்டுப் பெட்டி பை இருப்பதாக நம்பும், வாங்கியவனும் நம்புவான், மோதும் நாளில் மட்டுமே உண்மை தெரியும். பழைய மகிழுந்தை வாங்கும் நடுத்தரக் குடும்பத்தான், தன் பிள்ளைகளை அவ்வெறுமைக்கு முன்னே அமர்த்துகின்றான். 2024இல் தில்லிக் காவல்துறை, பல நிறுவனங்களின் பெயர் பொறித்த போலிக் காற்றுப்பைகளை நூற்றுக்கணக்கிற் கைப்பற்றியது. ஏய்ப்பு எத்துணை வளர்ந்துள்ளது என்பதற்கு அது சான்று.

தமிழர் பட்டறைகளைக் காப்பதற்காக இத்தகைய ஏய்ப்பை நாம் மூடி மறைக்கப் போவதில்லை. தமிழன் தமிழனை ஏய்த்தால் அது தமிழ்ப்பணி ஆகிவிடாது. ஆயினும் ஒன்றை வேறுபடுத்துக: தெரிந்து ஏய்ப்பவன் வேறு, தெரியாமல் அதனைப் 'பழுது நீக்கம்' என்றே கற்றுக்கொண்ட பயிலுநன் வேறு. முன்னவனுக்கு வேண்டுவது ஒறுப்பு. பின்னவனுக்கு வேண்டுவது தமிழ்நூல்.

வண்டிக்காரர் தாமே செய்துகொள்ளும் கேடுகளும் அறியாமையின் விளைவுகளே. முகப்பில் பொருத்தும் தடுப்புக் கம்பிகள், உணரிக்குச் செல்லவேண்டிய மோதலின் தாக்கத்தை மாற்றிவிடக்கூடும். நடுவணரசு 2017 திசம்பரில் அவற்றைத் தடுக்குமாறு மாநிலங்கட்கு எழுதியது. ஆயினும் ஊர்ப்புறச் சாலைகளில் அவை இன்றும் ஒளிர்கின்றன. அருகமர்வார் பைக்குரிய மூடியின்மேல் சிலையும் படமும் ஒட்டப்படுகின்றன. வெடிக்கும்போது அவை எறிகல்லாகும். இருக்கையின் பக்கவாட்டில் தைத்துள்ள சிறு துணிச்சீட்டில் 'இங்கே காற்றுப்பை உள்ளது' என்னும் எச்சரிக்கை ஆங்கிலத்தில் இருக்கின்றது. அதனை வெறும் விற்பனைச் சீட்டென்று எண்ணி, அதன்மேலேயே உறை தைத்து மூடுகின்றனர். அச்சீட்டில் தமிழ் இருந்திருப்பின் தையற்காரனின் ஊசி அங்கே நின்றிருக்குமன்றோ?

பிறர் செய்தனர், நாம் ஏன் செய்யவில்லை?

"நிறுவனங்கள் பழுதுநூலையே தருவதில்லை, பிறகன்றோ மொழி?" என்று கேட்பாருக்கும் விடை உண்டு. 2014 ஆகத்தில் இந்தியப் போட்டி ஆணையம், 14 மகிழுந்து நிறுவனங்கள் உதிரி உறுப்புகளையும் பழுதறி கருவிகளையும் பழுதுநூல்களையும் தனிப் பணிமனைகளுக்கு எட்டாதவாறு தடுத்தமை முறையன்று என்று முடிவுகூறி, 2,544 கோடி உருபாவுக்கு மேல் ஒறுப்புத்தொகை விதித்தது. வழக்குகள் மேல்மன்றங்கட்குச் சென்றன. ஆயினும், தனிப் பணிமனையாளனுக்கும் அறிவுரிமை உண்டு என்னும் கொள்கை அன்றே நாட்டப் பெற்றுவிட்டது. நாம் அடுத்த படியைக் கேட்கின்றோம். கதவைத் திறந்துவிட்டு, உள்ளே விளக்கேற்றாமல் விட்டால் நுழைந்தவன் எதைக் காண்பான்?

"வண்டி விற்கும் நாட்டின் மொழியில் நூல் தருவது நடவாத வேலை" என்பாரும் உளர். கனடாவின் கியூபெக் மாநிலம் 1977இல் இயற்றிய மொழிச் சட்டம், அங்கு விற்கப்படும் பொருள்களின் எழுத்துகளும் பயன்பாட்டு விளக்கங்களும் உறுதிமொழிச் சீட்டுகளும் பிரெஞ்சில் இருக்க வேண்டும் என்றது. பிரான்சு 1994இல் அவ்வாறே சட்டம் செய்தது. அங்கெல்லாம் மகிழுந்து நிறுவனங்கள் கடையைக் கட்டிக்கொண்டு ஓடிவிட்டனவா? பணிந்தன, அச்சிட்டன, விற்றன. கியூபெக்கின் மக்கள்தொகை தமிழ்நாட்டினதில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கே. எட்டில் ஒரு பங்கினர் கேட்டுப் பெற்றதை எட்டு மடங்கினர் கேட்கவும் நாணுகின்றோம்! அதிலும், சென்னையைச் சூழ மகிழுந்துகளை உருவாக்குவதே தமிழ்நாடு. வண்டியைச் செய்யத் தமிழன் கை வேண்டும்; வண்டியைச் சொல்லத் தமிழன் நா வேண்டாவா?

"தமிழில்தான் காணொளிகள் நிறைந்து கிடக்கின்றனவே, தொழிற்பயிற்சி நிலையத்துக்கும் தமிழ்நூல் வந்துவிட்டதே" என்பர் சிலர். மகிழ்ச்சிதான். ஆயினும் பொதுப்பாடம் வேறு. குறித்த ஒரு வண்டியின் நூல் வேறு. இவ்வண்டிக்கு எத்துணை மணித்துளி காத்திருக்க வேண்டும், இச்சுற்றின் தடை எவ்வளவு, இக்கம்பி எந்நிறம், இவ்வுறுப்பைத் திரும்பப் பயன்படுத்தலாமா என்பனவற்றைக் காணொளிக்காரர் நினைவிலிருந்து சொல்வதை நம்பி வெடிபொருளைத் தொடலாகாது. மருத்துவர் பொதுவாகப் பேசியதைக் கேட்டு, மருந்துப் புட்டியின் மேலுள்ள அளவைப் படியாமல் குடிப்பார் உண்டோ?

ஆகவே நாம் கேட்பவை மிகச் சிலவே. தமிழ்நாட்டில் விற்கப்படும் ஒவ்வொரு மகிழுந்தின் காப்பு எச்சரிக்கையும், உரிமையாளர் கையேடும், காற்றுப்பை பற்றிய பழுதுநூற் பகுதியும் தமிழில் இருக்கத் தமிழ்நாட்டரசு வழிசெய்தல் வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் எந்திரவியலையும் கட்டடவியலையும் தமிழில் கற்பிக்கத் தொடங்கியது. அவ்வழியைக் கல்லூரிச் சுவருக்குள் நிறுத்தாமல் பட்டறை வாயில்வரை கொண்டுவருதல் வேண்டும். கோவையின் பொறியியற் கல்லூரிகள், தம் மதிலுக்கு அப்பால் கிடக்கும் பணிமனைகளோடு கூடியமர்ந்து, ஒரே உறுப்புக்கு ஒரே சொல் என்று நிலைநிறுத்தும் சிறு கையேடு ஒன்றை வெளியிடுதல் வேண்டும். சொல்லாக்குவார், பட்டறையில் ஒருநாளாயினும் நின்று பார்த்துச் சொல்லாக்குதல் வேண்டும். கைக்கு உதவாத சொல் நாவில் நில்லாது.

இதனைப் படிக்கும் நீங்களும் அரசை நோக்கியே காத்திருக்க வேண்டுவதில்லை. வீட்டில் மகிழுந்து இருப்பின் நாளைக் காலை திறவுகோலைத் திருப்பி அவ்விளக்கு ஒளிர்ந்து அணைகின்றதா என்று பாருங்கள். வாரணியுங்கள், அருகமர்ந்தாரையும் அணியச் செய்யுங்கள். பழைய வண்டி வாங்குமுன் காற்றுப்பையின் குறிகளைப் படிக்கும் கருவியால் ஆய்ந்து தரக் கேளுங்கள். கண்ணாற் பார்த்து ஐயம் தெளியவும் கேளுங்கள். உங்கள் ஊர்ப் பட்டறைக்காரர்க்கு இப்பக்கங்களைப் படித்துக் காட்டுங்கள். வண்டி வாங்கும்போது, "தமிழ்க் கையேடு எங்கே?" என்று விற்பனையாளரிடம் உரக்கக் கேளுங்கள். ஒருவர் கேட்டால் நகைப்பர். நூற்றுவர் கேட்டால் எழுதி வைத்துக்கொள்வர். பல்லாயிரவர் கேட்டால் அச்சிடுவர்.

எச்சரிக்கப்படுவான் மொழியில் இல்லாத எச்சரிக்கை எச்சரிக்கையன்று, அது ஏய்ப்பு. தமிழன் கையில் வெடியைக் கொடுத்தவர், தமிழன் மொழியில் அதன் வழியையும் கொடுக்கட்டும்!